படம் பிடிக்க முடியாத படிப்பு

இன்ஸ்டாகிராமில் 'ஸ்டடிகிராம்' என்று தேடினால் வரிசையாக வரும் படங்கள் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஜன்னலோர மேசை. நேர் மேலிருந்து எடுத்த படம். நடுவே விரித்து வைத்த நோட்டு. தலைப்பு தூரிகை முனைப் பேனாவில் வளைந்து நெளிந்து ஓடும். அதற்கு இளஞ்சிவப்பில் ஒரு நிழல். கீழே மனித இதயத்தின் குறுக்குவெட்டு. ஆக்ஸிஜன் உள்ள ரத்தம் சிவப்பு, இல்லாதது நீலம், ஒவ்வொரு அறைக்கும் ஸ்கேல் வைத்து இழுத்த அம்புக்குறி. வரையறைகள் பெட்டிக்குள், முக்கியச் சொற்கள் மங்கலான மஞ்சளில். ஓரத்தில் ஒரு காபிக் கோப்பை (எடுத்த கோணங்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் அது எப்போதோ ஆறியிருக்க வேண்டும்). பக்கம் முழுக்க ஓர் அடித்தல் கிடையாது.

என் கண் முதலில் போவது அந்த அடித்தல் இல்லாத இடத்துக்குத்தான். புதிதாக ஒன்றைப் படிப்பவர் தடுமாறுவார், தப்பாக எழுதுவார், அடிப்பார். அது எதுவுமே இல்லையென்றால், ஒன்று இது ரஃப் நோட்டின் சுத்தப் பிரதி. இல்லையா, புத்தகத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துப் பார்த்து எழுதியது. இரண்டிலும் உழைப்பு உண்டு, சந்தேகமே இல்லை. அந்த உழைப்பில் எவ்வளவு மண்டைக்குள் போகிறது என்பதுதான் கேள்வி.

டம்ப்ளரில் சேர்ந்த கூட்டம்

2007-ல் தொடங்கிய டம்ப்ளர் என்ற வலைப்பதிவுத் தளத்தில் 2014, 2015 வாக்கில் 'ஸ்டடிபிளர்' என்ற அடையாளத்தோடு ஒரு மாணவர் கூட்டம் சேர்ந்தது. பிரிட்டனில் ஜி.சி.எஸ்.இ., ஏ-லெவல் என்ற பள்ளித் தேர்வுகளை எழுதுகிறவர்கள், அமெரிக்காவில் ஏ.பி. என்ற கல்லூரித் தரப் பாடங்களைப் பள்ளியிலேயே படிக்கிறவர்கள், சிங்கப்பூர், ஆஸ்திரேலியா என்று பல ஊர்ப் பிள்ளைகள், பெரும்பாலும் பெண்கள். நோட்டுப் பக்கம், மேசை, அன்றைக்கு முடிக்க வேண்டிய வேலைப் பட்டியல், இவற்றைப் படம் எடுத்துப் போட்டார்கள். '100 நாள் உற்பத்தித்திறன்' என்கிற மாதிரி தினமும் ஒரு படம் போடும் சவால்கள் கிளம்பின. அப்புறம் இதே பழக்கம் இன்ஸ்டாகிராமுக்குப் போய் 'ஸ்டடிகிராம்' ஆயிற்று, யூடியூபுக்குப் போய் வீடியோ ஆயிற்று, டிக்டாக்குக்குப் போய் 15 வினாடியில் ஒரு பக்கம் நிரம்புகிற வேகக் காட்சி ஆயிற்று.

இது ஏன் இவ்வளவு பிடித்துப்போனது என்பதற்குப் பெரிய தத்துவம் தேவையில்லை. பதினாறு வயதில் இணையத்தில் முகம் காட்டாமல் ஓர் ஆளாக இருக்க இது நல்ல வழி. உடை பற்றி யாரும் பேச முடியாது, நிறம் பற்றிப் பேச முடியாது. கையெழுத்தும் ஒழுங்கும் மட்டுமே தெரியும். 'படிக்கிற பிள்ளை' என்றால் பள்ளியில் கிண்டலுக்கு ஆளாகிறவர்களுக்கு, அதே காரணத்துக்காகப் பாராட்டு கிடைக்கிற இடமாகவும் அது இருந்தது. கேலி செய்கிற பெரியவர்கள் இதை ஏனோ கணக்கில் எடுப்பதில்லை.

இதே சமயத்தில் இன்னொரு ஓடை வந்து கலந்தது. நியூயார்க்கில் டிஜிட்டல் வடிவமைப்பாளராக இருந்த ரைடர் கரோல், சிறு வயதிலிருந்தே கவனக் குறைபாட்டோடு போராடியவர். தனக்காக உருவாக்கிக்கொண்ட ஒரு குறிப்பு முறையை 2013-ல் 'புல்லட் ஜர்னல்' என்று இணையத்தில் வெளியிட்டார். முறை ரொம்ப எளிமையானது: செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு புள்ளி, நிகழ்ச்சிக்கு ஒரு சிறு வட்டம், குறிப்புக்கு ஒரு கோடு. முடிந்த வேலையின் புள்ளிமேல் பெருக்கல் குறி. மாத முடிவில் முடியாமல் நிற்பதையெல்லாம் கையால் அடுத்த பக்கத்துக்கு மாற்றி எழுத வேண்டும். திரும்பத் திரும்ப எழுத அலுப்பாக இருந்தால், அந்த வேலை நமக்குத் தேவையில்லை என்று பொருள். சூட்சுமம் அந்த அலுப்பில்தான் இருக்கிறது. ஒரு கறுப்புப் பேனாவும் எந்த நோட்டும் போதும்.

இன்ஸ்டாகிராமில் இது என்ன ஆனது என்பது தெரிந்த கதை. மாதத்துக்கு ஒரு 'தீம்', அதற்கு முகப்போவியம், எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தேன் என்பதற்கு வண்ணக் கட்டங்கள், மனநிலைக்கு ஒரு மலர், இதழுக்கு ஒரு நாள். வேலையைக் குறைக்க வந்த நோட்டைத் தயார் செய்யவே மாத ஆரம்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறது. வரைவது பிடிக்கும் என்றால் அது நல்ல ஞாயிற்றுக்கிழமைதான். திட்டமிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு வரைந்தால்தான் சிக்கல்.

ஈ பிடிக்கும் தாளிலிருந்து

இந்தப் படங்களின் அழகில் பாதி ஜப்பானின் எழுதுபொருள் கடைகளிலிருந்து வந்தது. கண்ணைப் பறிக்கும் ஒளிர் மஞ்சள் ஹைலைட்டரை 1971-லிருந்து ஜெர்மனியின் ஸ்டபிலோ பாஸ் உலகமெங்கும் பழக்கியது. ஜப்பானிய ஸீப்ரா நிறுவனத்தின் 'மைல்ட்லைனர்' அதற்கு நேரெதிர்: தண்ணீர் கலந்த மாதிரி மங்கல் நிறங்கள், ஒரு முனை தடிமன், மறுமுனை மெல்லியது. படத்தில் இதுதான் அழகாக விழும். நோட்டு ஓரத்தில் ஒட்டுகிற பூப்போட்ட காகித நாடாவின் கதை இன்னும் சுவாரசியம். ஒகயாமா மாநிலத்தின் குராஷிகி ஊரில் கமோய் ககோஷி என்ற நிறுவனம், 1923-ல் ஈ பிடிக்கும் ஒட்டுத்தாள் செய்யத் தொடங்கி, பிறகு பெயின்ட் அடிப்பவர்கள் ஓரத்தில் ஒட்டும் மாஸ்கிங் டேப்புக்கு மாறியது. 2006-ல் டோக்கியோவிலிருந்து சில பெண்கள், இந்த டேப்பை அலங்காரத்துக்குப் பயன்படுத்துகிறோம், தொழிற்சாலையைப் பார்க்க வரலாமா என்று எழுதிக் கேட்டார்கள். பெயின்டருக்கு நாடா விற்றவர்களுக்கு இது புரியவே கொஞ்ச காலம் பிடித்திருக்கும். ஓரிரு ஆண்டுகளில் வண்ண நாடாக்கள் தனிப் பெயரில் சந்தைக்கு வந்தன.

நோட்டு விஷயத்தில் 2008 முக்கியமான ஆண்டு. டோக்கியோ பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறியவர்களின் நோட்டுகளைச் சேகரித்து, அவை எப்போதும் அழகாகவே இருக்கின்றன என்று வாதிட்ட ஒரு நூல் ஜப்பானில் நன்றாக விற்றது. அதையொட்டி கொக்குயோ நிறுவனம் தன் 'கேம்பஸ்' நோட்டில் ஒரு புது வகை கொண்டுவந்தது: ஒவ்வொரு கோட்டின் மேலும் சம இடைவெளியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் புள்ளிகள். வரிகளை ஒரே இடத்தில் தொடங்கலாம், ஸ்கேல் இல்லாமலே வரைபடம் நேராக வரும். (நம் ஊர் ஜியோமெட்ரி பாக்ஸில் ஒட்டியிருக்கும் கேம்லின் 2011-லிருந்து இதே கொக்குயோவின் கையில்தான் இருக்கிறது.)

கவனித்துப் பார்த்தால் அந்த டோக்கியோ நோட்டுகளின் அழகு வேறு வகை. தலைப்புகள் ஒரே கோட்டில் தொடங்கும், தாராளமாக இடம் விட்டிருக்கும், புதிய பாடம் புதிய பக்கத்தில் இருக்கும். பூவும் நாடாவும் கிடையாது. பின்னால் தேடினால் உடனே கிடைக்க வேண்டும் என்று எழுதியவை அவை. இன்னொன்று: நோட்டு ஒழுங்காக இருந்ததால் தேறினார்களா, தேறக்கூடிய அளவுக்கு ஒழுங்கான ஆட்கள் என்பதால் நோட்டும் அப்படி இருந்ததா? தேறியவர்களின் நோட்டை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. தேறாதவர்களின் பீரோவிலும் அழகான நோட்டுகள் இருந்திருக்கும்.

கடல் நீர்நாயும் சூரியனும்

பதில் தேட வேண்டிய இடம் சோதனைச்சாலை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் சுட்டிக்காட்டுவது. மாணவர்களுக்குச் சின்னதாக ஓர் உரைநடைப் பகுதி கொடுத்தார்கள். ஒன்று சூரியனைப் பற்றியது, மற்றது கடல் நீர்நாயைப் பற்றியது. ஒரு குழு அதை 5 நிமிடம் வீதம் 4 சுற்று படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மீதி 3 சுற்றிலும் தாளை எடுத்துவிட்ட நிலையில், நினைவில் இருப்பதை வெறும் காகிதத்தில் எழுதியது. எழுதியதில் எது சரி, எது தப்பு என்றுகூட யாரும் சொல்லவில்லை. முதல் குழு மொத்தத்தில் அந்தப் பகுதியைச் சராசரியாக 14 தடவை வாசித்திருந்தது. இரண்டாவது குழு 3, 4 தடவைக்குமேல் இல்லை.

5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள் 83 சதவீதம் நினைவு வைத்திருந்தார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 71. சரி, படித்ததுதான் லாபம் என்று தோன்றும். ஒரு வாரம் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களிடம் கணக்கு தலைகீழ்: படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொரு தகவல். ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, மிக நம்பிக்கையாகச் சொன்னது 14 தடவை வாசித்த குழுதான்.

பாடம் கண்ணுக்குப் பழகிப்போனால், தெரிந்துவிட்டது என்று மனம் நம்பிவிடுகிறது. அழகான நோட்டு இந்த மயக்கத்தை இன்னும் கூட்டும். நாமே எழுதியது, நாமே வண்ணமிட்டது, திறந்தவுடன் எது எங்கே என்று தெரிகிறது. தேர்வு அறையில் நோட்டு இருக்காது என்பது மட்டும்தான் குறை.

'சும்மா வாசிப்பதைச் சொல்கிறீர்கள், நான் படமாக வரைந்து தொடர்புபடுத்திப் படிக்கிறேனே' என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. அதையும் சோதித்தார்கள். கார்பிக்கியும் ஜேனல் பிளன்ட்டும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு அறிவியல் பாடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கருத்து வரைபடம் போட்டது: குமிழ்கள், இணைக்கும் கோடுகள், கோட்டின்மேல் விளக்கம். இன்னொரு குழு பாடத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதி, மறுபடி படித்து, மறுபடி எழுதியது. ஒரு வாரம் கழித்து இரண்டாவது குழுதான் மேலே இருந்தது. கடைசித் தேர்வே கருத்து வரைபடம் போடுவதாக இருந்தபோதும் அப்படியே.

ஆக, வரைவது குற்றமில்லை. பாடத்தைத் திறந்து வைத்து வரைவதா, மூடிவிட்டு வரைவதா என்பதில்தான் வித்தியாசம். அந்த இதயப் படத்துக்கே வருவோம். புத்தகத்தைப் பார்த்து வரைகிற பிள்ளை நுரையீரல் சிரைக்குச் சிவப்பு அடித்துவிட்டு அடுத்த குழாய்க்குப் போய்விடுவாள். புத்தகத்தில் சிவப்பு, இங்கேயும் சிவப்பு. மூடிவிட்டு வரைகிற பிள்ளை அந்த இடத்தில் நிற்பாள். சிரை என்றால் ஆக்ஸிஜன் இல்லாத ரத்தம், அப்படியானால் நீலம்தானே? ஆனால் இது நுரையீரலிலிருந்து வருகிறதே, அங்கேதானே ஆக்ஸிஜன் ஏறுகிறது? நீலத்தைக் கையில் எடுத்து, கீழே வைத்து, ஒருவேளை தப்பாக நீலமே அடித்து, புத்தகத்தைத் திறந்து பார்த்து அடித்துத் திருத்துவாள். சிரை என்பது இதயத்துக்குள் ரத்தம் கொண்டுவரும் குழாய், அதில் ஆக்ஸிஜன் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று அப்போதுதான் உறைக்கும். அந்தப் பக்கம் பார்க்கச் சகிக்காது. ஆனால் அந்தக் கேள்வியை அவள் ஆறு மாதம் கழித்தும் தப்பாக எழுத மாட்டாள்.

ஓவியத் திறமையும் இங்கே தேவைப்படுவதில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மைரா ஃபெர்னாண்டஸ் குழுவினர் 2016-ல், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுவதைவிட அதை வரைந்து பார்த்தால் நன்றாக நினைவில் நிற்கிறது என்று காட்டினார்கள். சில வினாடிகளில் போட்ட கிறுக்கலுக்கும் அதே பலன் கிடைத்தது.

மற்ற உத்திகளைப் பற்றிச் சுருக்கமாக. ஜான் டன்லோஸ்கியும் மற்ற நான்கு பேரும் 2013-ல் பத்து படிப்பு உத்திகளை எடுத்து, அதுவரை வந்த ஆய்வுகளை அலசித் தரம் பிரித்தார்கள். தன்னைத் தானே சோதிப்பதும், ஒரே நாளில் குவிக்காமல் நாட்களுக்குப் பிரித்துப் படிப்பதும் மேல் வரிசை. அடிக்கோடிடுவதும் ஹைலைட் செய்வதும், மறுவாசிப்பும், சுருக்கி எழுதுவதும் கீழ் வரிசை. சுருக்கி எழுதுவது கீழே போனதற்குக் காரணம் உண்டு: நன்றாகச் சுருக்கத் தெரிந்தவருக்குப் பலன் இருக்கிறது, ஆனால் அதற்கே தனிப் பயிற்சி வேண்டும்.

கையால் எழுதினால் நினைவில் நிற்கும், லேப்டாப்பில் தட்டினால் நிற்காது என்ற பேச்சையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இது பரவியது 2014-ல் பாம் முல்லரும் டேனியல் ஓப்பன்ஹைமரும் வெளியிட்ட ஆய்விலிருந்து. தட்டச்சு செய்கிறவர்கள் விரிவுரையை வார்த்தைக்கு வார்த்தை அப்படியே இறக்குகிறார்கள், கையால் எழுதுகிறவர்களுக்கு அவ்வளவு வேகம் வராததால் யோசித்துச் சுருக்குகிறார்கள் என்பது அவர்கள் வாதம். பின்னால் மற்றவர்கள் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. ஐபேடில் எழுதுவதா, காகிதத்தில் எழுதுவதா என்று வீட்டில் சண்டை போடுகிறவர்கள் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

கேமராவுக்குக் கிடைக்காதது

இப்போது இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். படிப்பில் பலன் தருகிற பகுதி எதுவும் படத்தில் விழாது. ஒரு பெண் கண்ணை மூடி உட்கார்ந்து, உயிரியல் பாடத்தின் கிரெப்ஸ் சுழற்சியில் சிட்ரேட்டுக்கு அடுத்து என்ன என்று இரண்டு நிமிடம் யோசிக்கிறாள். அதை எப்படிப் படம் எடுப்பது? மூன்று நாள் முன்பு படித்ததை இன்று திரும்பப் பார்க்கிறாள். அதற்கு என்ன நிறம்? ரஃப் தாளில் பாதி தப்பாக எழுதியதைப் போட்டால் யார் லைக் போடுவார்கள்? இதற்கு மாறாக, குறைந்த பலன் தருகிற வேலைகளெல்லாம், தலைப்பு எழுதுவது, வண்ணமிடுவது, சுத்தப் பிரதி எடுப்பது, படத்துக்கென்றே பிறந்தவை. தளத்தின் அல்காரிதம் அதிகம் பார்க்கப்படும் படங்களை மேலே தள்ளுகிறது. புதிதாக வருகிற பதினைந்து வயதுப் பிள்ளை, மேலே வந்ததைப் பார்த்து இதுதான் படிப்பு என்று எடுத்துக்கொள்கிறது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அந்த நோட்டைப் போட்டவர் தேர்வுக்கு உண்மையில் எப்படிப் படித்தார் என்பது அந்தப் படத்தில் இல்லை, அவ்வளவுதான்.

ஆனாலும் இந்தப் பழக்கத்தை ஒரேயடியாக வீண் என்று தள்ள எனக்கு மனமில்லை. படிப்பில் மிகக் கடினமான கட்டம் உட்காருவது. மேசையை ஒழுங்கு செய்து, பிடித்த பேனாவை எடுத்து, தலைப்பை அழகாக எழுதினால் உட்கார முடிகிறது என்றால் அந்தப் பத்து நிமிடம் செலவு இல்லை. தலைப்போடு நிற்காமல் இருந்தால் சரி. பாடத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கும்போது எது எதோடு சேரும் என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அது உண்மையான சிந்தனைதான்.

துணையும் ஒரு பலன். தென் கொரியாவில் அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்கள் மணிக்கணக்காகத் தாங்கள் படிப்பதைப் பேச்சே இல்லாமல் நேரலையாகக் காட்டத் தொடங்கினார்கள். பேனா கீறும் சத்தம், பக்கம் புரளும் சத்தம், அவ்வளவுதான். கொரோனா காலத்தில் நூலகங்கள் மூடியபோது இந்த 'ஸ்டடி வித் மீ' உலகமெங்கும் பரவியது. அங்கிருந்தே வந்த ஒய்.பி.டி. செயலி, குழுவில் யார் இன்று எத்தனை மணி நேரம் படித்தார்கள் என்று காட்டும். நம் ஊர் நீட், ஜே.இ.இ. மாணவர்கள் பலரின் கைபேசியிலும் அது இருக்கிறது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு வந்து உட்காருகிற போட்டித் தேர்வுக்காரர்கள் தேடுவதும் இதே துணையைத்தான்.

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பிறர் பார்க்கிறார்கள் என்ற உணர்வு நன்கு பழகிய வேலையை வேகப்படுத்தும், புதிய வேலையைத் தடுமாறச் செய்யும் என்று ராபர்ட் ஸாயன்ஸ் 1965-லேயே எழுதினார். பழைய கணக்குகளைப் போட்டுப் பழகக் கூட்டம் நல்லது. புதிய அத்தியாயத்தைப் புரிந்துகொள்ளத் தனிமை நல்லது என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, பீட்டர் கால்விட்ஸர் குழுவினர் 2009-ல் காட்டியது: நல்ல வழக்கறிஞராக வேண்டும் என்ற உறுதியைப் பிறர் பார்த்து ஏற்றுக்கொண்ட சட்ட மாணவர்கள், அந்த உறுதியைத் தன்னோடு வைத்துக்கொண்டவர்களைவிடக் குறைவான நேரமே அதற்காக உழைத்தார்கள். 'படிக்கிற பிள்ளை' என்ற பெயர் முன்கூட்டியே கிடைத்துவிட்டால், பெயருக்காகப் படிக்க வேண்டிய அவசரம் குறைகிறது போலும்.

நாட்குறிப்பு எழுதுவது

நோட்டு ஒருபுறம் இருக்க, படிப்பைப் பற்றியே தினம் எழுதுகிற நாட்குறிப்புக்கு என்ன பலன்? எதை எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அடிப்படைப் புள்ளியியல் வகுப்பில் பட்ரீஷியா சென் குழுவினர் ஒரு சோதனை செய்து 2017-ல் வெளியிட்டார்கள். தேர்வுக்கு முன் மாணவர்களுக்கு இணையம் வழியாக ஒரு குறுகிய கேள்வித்தாள் போனது. தேர்வில் என்ன மாதிரிக் கேள்வி வரும் என்று நினைக்கிறீர்கள், அதற்குக் கைவசம் உள்ளவற்றில் எதைப் பயன்படுத்தப் போகிறீர்கள், ஏன், எப்போது, எப்படி? அவ்வளவுதான். இதற்குப் பதில் எழுதியவர்கள் வகுப்பு முடிவில், சும்மா நினைவூட்டல் மட்டும் பெற்றவர்களைவிடச் சராசரியாக ஒரு கிரேடில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கினார்கள். புதிதாக எதுவும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. இருப்பதை எப்படிப் பயன்படுத்துவது என்று யோசிக்க வைத்தது மட்டுமே வித்தியாசம்.

இன்னொரு நம்பிக்கை, தேர்வுக்குச் சற்று முன் பயத்தையெல்லாம் காகிதத்தில் கொட்டிவிட்டால் மதிப்பெண் கூடும் என்பது. ஜெரார்டோ ராமிரெஸ், சையன் பைலாக் இருவரும் 2011-ல் அப்படிக் காட்டினார்கள், பத்திரிகைகளிலும் பெரிதாக வந்தது. 2018-ல் பெரிய அளவில் பழைய ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த ஒரு கூட்டு முயற்சியில் இது தேறவில்லை. எழுதினால் மனம் லேசாகிறது என்றால் எழுதலாம். மதிப்பெண்ணை நம்பி எழுத வேண்டாம்.

ஆக, 'இன்று 6 மணி நேரம் படித்தேன், களைப்பு' என்று பூ வரைந்து எழுதுவதைவிட, 'அமில-காரக் கணக்கில் மறுபடியும் அலகு மாற்றத்தில் தப்பு. நாளை அதில் பத்து கணக்கு' என்று பென்சிலில் ஒரு வரி எழுதுவது மேல்.

நம் பக்கம்

இங்கே ஒரு வாதம் நிச்சயம் வரும். பொதுத் தேர்வில் அழகுக்கு மதிப்பு இருக்கிறதே என்று. இருக்கிறது. மார்ஜின் போட்டு, தலைப்புக்குக் கறுப்பு, விடைக்கு நீலம், முக்கிய வரிக்குப் பென்சில் கோடு என்று பத்தாம் வகுப்பில் பழக்குவது வெறும் சடங்கு இல்லை. ஒரே விடையை நல்ல கையெழுத்திலும் மோசமான கையெழுத்திலும் கொடுத்துத் திருத்தச் சொன்னால் நல்ல கையெழுத்துக்கு மதிப்பெண் கூடுகிறது என்பதை ஆய்வுகள் பல தடவை காட்டியிருக்கின்றன. ஒரு நாளில் கட்டுக்கட்டாகத் திருத்துகிறவரின் கண்ணுக்கு இரக்கம் காட்டுவது புத்திசாலித்தனம். ஆனால் அது விடைத்தாளுக்கான பயிற்சி. அதைப் படிப்பு நேரத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

டாப்பர் நோட்ஸ் சந்தை இன்னொரு பக்கம். டெல்லி ராஜிந்தர் நகரில் ஐ.ஏ.எஸ். தேறியவர்களின் கையெழுத்து நோட்டுகளைப் பிரதி எடுத்து விற்கும் ஜெராக்ஸ் கடைகள் பிரபலம். டி.என்.பி.எஸ்.சி.க்கு டெலிகிராம் குழுக்களில் பி.டி.எஃப். மழை. பாடத்தின் எல்லையைத் தெரிந்துகொள்ள, விடுபட்டதைப் பார்த்துக்கொள்ள அவை உதவும். ஆனால் அந்த டாப்பர் எதை விட்டுவிடுவது, எதை எங்கே சேர்ப்பது என்று முட்டி மோதிய நேரம்தான் அவருக்குப் படிப்பு. நம் கைக்கு வருவது அதன் மிச்சம். 40 ஜி.பி. சேர்த்து வைத்திருக்கும் நண்பர்கள் எல்லோருக்கும் இருப்பார்கள்.

சோதனைச்சாலைகள் மேலே கண்டுபிடித்தது நம் ஊருக்கு அவ்வளவு புதிதும் இல்லை. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை முன் நின்று சுவடியைப் பார்க்காமல் சொன்னார்கள். இன்றும் அடுப்படியில் வேலை செய்துகொண்டே புத்தகத்தை ஒரு கையில் பிடித்து 'ம், அடுத்து' என்று கேட்கிற அம்மாக்கள் இருக்கிறார்கள். அதன் பலவீனமும் தெரிந்ததே: பொருள் புரியாமல் வார்த்தையை மட்டும் ஒப்பித்தாலும் அம்மா விட்டுவிடுவார். 'ஏன்?' என்று ஒரு கேள்வி சேர்ந்துவிட்டால் இதைவிட நல்ல முறை எந்த விலை உயர்ந்த நோட்டிலும் கிடையாது.

ஏற்கெனவே அழகான நோட்டு வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. இடது பக்கம் கொஞ்சம் அகலமாக மார்ஜின் விட்டு, அதில் கேள்விகளை மட்டும் எழுதி, வலது பக்கத்தை ஒரு தாளால் மறைத்துப் பதில் சொல்லிப் பார்ப்பது கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் வகுத்த முறை. ஸ்டடிகிராமில் கார்னெல் நோட்டு என்று அந்த இடது பத்தியோடு போடுகிற படங்கள் ஏராளம். மறைத்துப் பார்க்கும் கட்டம்தான் அந்த முறையின் உயிர். படத்தில் வராததும் அதுவே.

இணையத்தில் பகிர்வதையும் விட வேண்டியதில்லை, பகிரும் பொருளை மாற்றினால் போதும். சிங்கப்பூரில் 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் மாணவர்கள் இயற்பியலில் வரும் டாப்ளர் விளைவைப் படித்துவிட்டுப் பாடம் நடத்தினார்கள். ஒரு குழு குறிப்பு எதுவும் இல்லாமல் நடத்தியது, இன்னொன்று எழுதிக் கொடுத்த உரையைப் பார்த்து நடத்தியது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது குறிப்பில்லாமல் நடத்தியவர்கள் முந்தினார்கள். நடத்தவே செய்யாமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்த குழுவும் அவர்களுக்குச் சமமாக வந்தது. பிறருக்குச் சொல்லித்தருவதன் பலனில் பெரும்பகுதி, சொல்லும்போது தலைக்குள்ளிருந்து எடுக்க வேண்டியிருப்பதால் வருகிறது என்று ஆய்வாளர்கள் முடிவுகட்டினார்கள். நோட்டுப் பக்கத்தைப் படம் பிடித்துப் போடுவதற்குப் பதில், அதை மூடி வைத்துவிட்டு நுரையீரல் சிரைக்கு ஏன் சிவப்பு என்று கேமராவைப் பார்த்து ஒரு நிமிடம் பேசிப் போடலாம். தப்பாகச் சொன்னால் கீழே யாராவது திருத்தாமல் விடமாட்டார்கள். இணையத்தில் அதற்கு மட்டும் ஆள் பஞ்சமே இருந்ததில்லை.